நடுச்சுவருக்குப் பசித்தபோது

உங்கள் வீட்டுச் சுவர் எப்போதாவது பசித்து அழுதிருக்கிறதா? எங்கள் வீட்டுச் சுவர் அழுதது. பல்லி கத்துவதையும் ஓட்டுக்குள் காற்று ஊதுவதையும் அழுகை என்று நினைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. கைக்குழந்தைக்காரிக்கு எது பசி அழுகை, எது தூக்க அழுகை, எது சும்மா வீம்பு என்று காது சொல்வதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும். அன்றைக்கு விடியக்காலையில் என் மகள் அனிலா தொட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு நிம்மதியாகத் தூங்க, எனக்கோ மார்பு கட்டி, பால் சுரந்து, நைட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்துபோனது. அப்போதுதான் திக்கென்றது: அழுவது என் பிள்ளை இல்லை, ஆனால் யாரோ ஒருத்தியுடைய பிள்ளை, பசியோடு, என் தலைமாட்டுச் சுவருக்குள் இருக்கிறது.

எங்கள் ஊர் சங்குமுனை. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மணல்மேடும் மாதா சிலை நிற்கிற கெபியும்தான் இருக்கின்றன. ஊரில் பழைய வீடு என்று எது இருந்தாலும் அது பார்க்கல் வீடுதான். கடலுக்கடியில் கிடக்கிற பவளப்பாறையை நாங்கள் பார் என்போம், அதை வெட்டியெடுத்த கல் பார்க்கல். இப்போது ஒரு கைப்பிடி எடுத்தாலும் கேஸ், ஆனால் என் மாமனாரின் அப்பா காலத்தில் அது வெறும் கல், வல்லம் வல்லமாக ஏற்றி வந்து வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வைத்தார்கள், செத்தவர்களுக்குச் சிலுவை செதுக்கினார்கள், மிச்சத்தைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கி அந்த வீடுகளுக்கே பூசினார்கள்.

மாமனார் போன பிறகு எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பாதி என் வீட்டுக்காரர் அமலதாசுக்கு, மேற்குப் பாதி அவருடைய அக்கா பெர்பெத்துக்கு. நடுச்சுவர் பொது. நடுச்சுவரில் யார் ஒரு ஆணி அடிப்பதாக இருந்தாலும் அந்தப் பக்கத்து ஆளைக் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இது எங்கள் ஊரில் கோயில் வரிக்கு அடுத்த சட்டம். அந்தச் சட்டத்தைப் பெர்பெத்து மதினி மீறினாள். அவள் புருஷன் இன்னாசி அண்ணன் கடலுக்குப் போனார், போன வல்லம் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அவருடைய வலையை மாட்டி வைக்க சாண் நீளத்துக்கு ஒரு இரும்பு முளையை ஒரு மத்தியானத்தில் மதினி அந்தப் பக்கமிருந்து அறைந்தாள், இந்தப் பக்கம் என் தலைமாட்டில் காரை பெயர்ந்து பொந்து விழுந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதினி என்றேன். எம் புருசன் வலைக்கு எடம் கேக்க உங்கிட்ட வரணுமா என்றாள். அதிலிருந்து எங்கள் பேச்சு எல்லாம் பிள்ளை வழியாகத்தான். "அனிலா, உங்கம்மாகிட்ட சொல்லு, கோழி எம் பக்கம் வருது." "அனிலா, உங்க அத்தைகிட்ட சொல்லு, கோழிக்குச் சுவரு தெரியாது." பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிக்கும்.

அந்தப் பொந்தில்தான் குண்டுக்கரிச்சான் குருவிச் சோடி சன்னல் கம்பி வழியாக வந்து கூடு கட்டியது. கறுப்பும் வெள்ளையுமாக, பூசைக்கு நிற்கிற சாமியார் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு ஆண் குருவி கூரை முகட்டில் உட்கார்ந்து விடியவிடியப் பாடும். பாட்டென்றால் சும்மா கீச்சுக்கீச்சு இல்லை, இழுத்து, நிறுத்தி, மேலே ஏற்றி, அடுத்த தெருக் குருவி எட்டிப் பார்த்தால் அதற்கென்று தனியாக ஒரு வசவு வைத்துப் பாடும். குஞ்சு பொரித்த வாரம் அது பாடிய பாட்டில்தான் சுவர் விழித்தது என்று ஊர் சொல்கிறது. எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்தது, அழுகை தொடங்கியது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். காரை உதிர்ந்த இடத்தில், கூட்டைச் சுற்றி, கல்லில் இருந்த ஊசித்துளைகள் அத்தனையும் திறந்திருந்தன, துளைக்கு ஒரு வாய், அரிசிக் குருணை அளவுக்கு, வாயைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி குட்டிக் குட்டி விரல்கள், பழுப்பும் பச்சையுமாக, இல்லாத தண்ணீரில் எதையோ பிடிக்கப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன. தொட்டேன். செந்தட்டி பட்டதுபோல விரல் நுனியில் சுருக்கென்றது, அத்தனை வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து மறுபடியும் அழுதன. நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள், கண்ணில் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, பாரைச் சுற்றி முங்கி முங்கி வந்த எனக்கு அந்த வாய்களைத் தெரியும். கடலுக்குள் பார்த்தால் அழகு, தலைமாட்டில் பார்த்தால் அலறத்தான் தோன்றும். ஆனால் அலறி ஊரைக் கூட்ட எனக்கு நேரமில்லை, அனிலா விழித்துக்கொண்டால் அப்புறம் ஒரு வேலை ஓடாது, அதனால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி, கடல் தண்ணீர் மொண்டு வந்து, சுவர் மேல் கையால் விசிறினேன். அழுகை நின்றது. சுவர் குடித்தது. சத்தம் கேட்டது, குடிக்கிற சத்தம்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பொதுச் சுவராயிற்றே.

"மதினி!" என்று ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராகக் கூப்பிட்டேன். "நடுச்சுவரு முழிச்சிருச்சு. வந்து பாருங்க."

தலைமுடியை அள்ளி முடிந்தபடி மதினி வந்தாள், பார்த்தாள், சிலுவை போட்டாள். நான் அவளைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றேன்.

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன் மதினி. பசிச்சு அழுதுச்சு."

"என்னயக் கேக்காமயா?"

"மதினி, அது உசுரோட..."

"உசுரோட இருந்தா? பொதுச் சுவரு பொதுச் சுவருதான். ஆணி அடிக்கக் கேக்கணும்னு எனக்குச் சட்டம் பேசுனவ, அதுக்குத் தண்ணி காட்ட மட்டும் கேக்க மாட்டியாக்கும்? இந்தப் பக்கம் ஊத்துன தண்ணி அந்தப் பக்கம் எம் அரிசிப் பானைக்குள்ள ஒழுகுது, போய்ப் பாரு."

எனக்கு அதிர்ச்சியில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதும் நியாயம். அன்றைக்கே முறை வைத்துக்கொண்டோம்: காலையில் நான், சாயங்காலம் அவள்.

ஊர் வந்தது. முதலில் பக்கத்து வீட்டுக்காரிகள், பிறகு அவர்களுடைய பிள்ளைகள், பிறகு வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் ஊசியைக் காதில் செருகியபடி. ஒருத்தி கருவாட்டைப் பொடித்துக் கொண்டுவந்து தூவினாள், சுவர் அதை விரல்விரலாகப் பிடித்து விழுங்கியது, தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் மீன் கொடுத்தது பாவம் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள், சுவருக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கா, ஆகலேன்னா எதுக்கு ஒருசந்தி நோன்பு என்று மூன்றாமவள் கேட்டாள், கூட்டம் சிரித்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு முகமாக வெளுத்தது. ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. தலை சாய்த்த சுவர், புகை படிந்த சுவர், கோபத்தில் பாத்திரத்தை விட்டெறிந்த சுவர், பிரசவத்தில் காலை முட்டுக்கொடுத்த சுவர். அன்று சாயங்காலம் சங்குமுனையில் எந்தத் தெருவில் போனாலும் பெண்கள் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளிலிருந்து ஆணி அடிப்பதற்கு முன்னால் சுவரைத் தட்டிக் கேட்கிற பழக்கம் வந்தது, ஊர்த்தலைவர் கபிரியேல் மாமா மட்டும் ஒன்றும் காதில் விழக்கூடாது என்று ரேடியோவை உச்சத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

அவர்தான் கெபி முன்னால் கூட்டம் போட்டார்.

"விண்ணரசி, நீ பத்தாவது வரைக்கும் படிச்சவ. சொல்லு, பாரு கல்லா, செடியா?"

"விலங்கு, மாமா."

"விலங்குன்னா? ஆடு மாதிரியா?"

"அந்தக் குருவி மாதிரின்னு வைங்களேன்."

கூட்டம் மணலில் உருண்டு சிரித்தது. "குருவி மாதிரியாம்! எங்க, பாரைப் பாடச் சொல்லு பாப்போம்! பறக்கச் சொல்லு!"

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேறுபடுத்துக என்று ஒரு கேள்வி வரும், நீங்களும் எழுதியிருப்பீர்கள், தாளின் நடுவில் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பறவைகள், அந்தப் பக்கம் பவளம் முதலான குழியுடலிகள், எதிரும் புதிருமாக எழுத வேண்டும். நான் அதை மனப்பாடமாகச் சொன்னேன். குருவிக்கு முதுகெலும்பு உண்டு, பவளத்துக்கு இல்லை. குருவிக்கு எலும்பு உள்ளே இருக்கிறது, உள்ளே இருக்கிற அந்த எலும்புக்குள்ளும் காற்றுதான் இருக்கிறது, அதனால் பறக்கிறது. பவளத்துக்கு எலும்பு வெளியே, அது தன் எலும்பைத் தானே கட்டி அதற்குள் குடியிருக்கிறது, அதனால் ஓரிடத்தில் கிடக்கிறது. குருவிக்கு உடம்பு ஒன்று வாய் ஒன்று, பவளத்துக்கு எது ஓர் உடம்பு எது ஓர் ஊர் என்றே சொல்ல முடியாது, ஒரு வாய் தின்றால் பக்கத்து வாய்க்கும் பசி அடங்கும். குருவி கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, ஊட்டி வளர்க்கும். பவளம் வருஷத்தில் ஒரு பௌர்ணமியை ஒட்டித் தன் பிள்ளைகளைக் கடலில் விட்டுவிடும், எது எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. குருவிக்கு வாய் வேறு, மற்றது வேறு. பவளத்துக்கு வாயும் அதுதான், மற்றதும் அதுதான்.

"அய்யய்ய, அப்ப கழுவிவிட ஆளு?" என்றாள் ஒருத்தி.

"கடல்தான்க்கா. எனக்கும் அப்படி ஒரு கடல் இருந்தா நல்லாருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை துணி அலசுறேன் தெரியுமா?"

சிரிப்பு அடங்கியதும் எனக்கே ஒன்று தோன்றியது. எத்தனை பரீட்சை எழுதியிருக்கிறேன், இரண்டுக்கும் ஒற்றுமை என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. குருவி முகட்டில் உட்கார்ந்து இது என் இடம், இது என் இடம் என்று பாடுகிறது. பவளம் பாடுவதில்லை, பக்கத்தில் வேறொன்று ஒட்டி வளர்ந்தால் விரலை நீட்டிக் கொட்டி இது என் இடம் என்கிறது. இரண்டும் எல்லைச் சண்டைக்காரிகள். இரண்டும் பசித்தால் வாயைத் திறக்கும். அதை நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கபிரியேல் மாமா கையை உயர்த்திக்கொண்டு எழுந்தார். "சரி, விலங்குன்னே இருக்கட்டும். அப்ப நாம எல்லாரும் எதுக்குள்ள குடியிருக்கோம்? எலும்புக்குள்ள. எலும்பை எரிச்சுத்தான் எலும்பு மேல பூசிருக்கோம். இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒரு அதிகாரி வந்து, ஊர் பூரா உயிர்ப்பிராணியைச் சுவருக்குள்ள அடைச்சு வச்சிருக்கீங்கன்னு கேஸ் போட மாட்டாரா? ஒரு சுவரு முழிச்சிருச்சு. மத்ததும் முழிச்சா கோயிலை என்ன பண்ணுவ, கல்லறையை என்ன பண்ணுவ? ரெண்டு மூட்டை சிமெண்டைக் குழைச்சு ரெண்டு பக்கமும் பூசு. அது தூங்கிரும்."

"தூங்காது மாமா, செத்துரும்."

"இத்தன வருசம் செத்துத்தானே கெடந்துச்சு?"

"பொந்துக்குள்ள குருவிக்குஞ்சு இருக்கு."

அவர் கை கீழே இறங்கியது. கூட்டில் குஞ்சு இருக்கும்வரை அந்த வீட்டில் கொத்துவேலையும் வெள்ளையடிப்பும் கூடாது, கூட்டைக் கலைத்தவன் வலையில் மீன் ஏறாது, இது சங்குமுனையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். "அப்ப குஞ்சு பறக்கட்டும்" என்றார். "பறந்த மறுநா சிமெண்டு." எல்லோரும் தலையாட்டினார்கள். குருவி என்றால் பாவம் பார்க்க ஊரில் சட்டம் இருந்தது, பவளத்துக்கு இல்லை, எனக்கு அதுதான் சுவர் விழித்ததைவிடப் பெரிய அதிர்ச்சி.

அதன் பிறகு நானும் குருவியும் ஒரே வேலையைச் செய்தோம். அது புழுவும் தத்துக்கிளியுமாகக் கொண்டுவரும், நான் கடல் தண்ணீரைக் கொண்டுவருவேன். குஞ்சுக்குக் கூடு காய்ந்திருக்க வேண்டும், சுவருக்கு ஈரம் வேண்டும், ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்கு ஆகாது. குடத்தை விட்டுவிட்டு அனிலாவுக்கு மருந்து புகட்டுகிற பாலாடையை எடுத்தேன், கூட்டில் ஒரு துளி சிந்தாமல் வாய்வாயாகப் புகட்டினேன், ஒரு சுற்று முடிவதற்குள் முதல் வாய்க்கு மறுபடி பசி வந்துவிடும். ஒரு மத்தியானம் களைத்துப் போயிருந்த பெண் குருவி குஞ்சு வாய் எது, சுவர் வாய் எது என்று தெரியாமல் ஒரு புழுவைச் சுவருக்கு ஊட்டிவிட்டுப் போனது. சுவர் அதை விழுங்கியது. குருவி தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு யோசிக்கிற பொம்பளை பார்வை. அடுத்த நடையில் தெரிந்தே ஊட்டியது.

ஆனால் குஞ்சுகள் வளர்ந்தன, சுவர் வெளுத்தது. கூட்டுக்குள் கறுப்பு இறகு முளைக்க முளைக்க, கல்லில் பச்சை போனது, பழுப்பு போனது, ஓரத்திலிருந்து எலும்பு வெள்ளை ஏறியது, அழுகை தேய்ந்து தேய்ந்து முனகலானது. பாசி எடுக்கப் போனபோது பாரையும் என் வீட்டுச் சுவரையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், விஷயம் புரிந்தது. பாலாடைத் தண்ணீரில் கடல் இல்லை. குருவி போன இடமெல்லாம் தன் வீட்டைக் கட்டிக்கொள்ளும், பவளத்துக்குக் கடல் வந்தால்தான் வீடு.

அத்தனை நாளும் நடுக்கடலிலேயே தங்கி வலை போட்டிருந்த அமலதாஸ் தங்குகடல் முடித்து வந்ததும் காலைக்கூடக் கழுவவிடாமல் சொன்னேன். "என்னங்க, சுவரைப் பிரிச்சுப் பாருல கொண்டுபோய் வைக்கணும்."

அவர் சுவரைப் பார்த்தார். மேலே உத்திரத்தைப் பார்த்தார். "உத்திரம் எதும்மேல நிக்கும்? இது போனா நம்ம வீடும் போச்சு, அக்கா வீடும் போச்சு. கைப்புள்ளையோட எங்க போவ?"

"முட்டுக் குடுப்போம். கீத்து போடுவோம். நான் பொறந்ததே கீத்துக் கொட்டாயிலதான், செத்தா போனேன்?"

அவர் தலையைச் சொறிந்தார், அது பாதிச் சம்மதம். மீதிப் பாதி மதினியிடம் இருந்தது. போய்க் கேட்டோம். அவள் இன்னாசி அண்ணன் வலைக்குக் கீழே பாயில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

"அக்கா, அது சாவுது..."

"கடலு எம் புருசனை எடுத்துக்கிட்டுச்சு. இப்ப வீட்டையும் கேக்குதா? மாட்டேன்டா தம்பி." பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க பக்கம் அது அழுவுது. எம் பக்கம் அழுவல. மூச்சு விடுது. இத்தன நாளா இந்த வீட்ல என் மூச்சு மட்டுந்தான் கெடந்துச்சு. இப்ப முதுகை வச்சாத் தூக்கம் வருது. அதையும் புடுங்கிட்டுப் போகாதீங்க."

ஒரு வருஷமாக நான் ஒரு பொந்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது இப்படி ஒருத்தியிடம்.

கடைசிக் குஞ்சு ஒரு சாயங்காலம் பறந்தது. சன்னல் கம்பியில் உட்கார்ந்து, இறகைக் கோதி, அனிலாவை ஒரு பார்வை பார்த்து, வெளியே விழுந்து, விழுந்த பாதியில் பறந்தது. ஊரே பார்த்தது. ஊரே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை.

மறுநாள் பூசை முடிந்த கையோடு கபிரியேல் மாமா இரண்டு கொத்தனார்களோடு வந்துவிட்டார். வாசலிலேயே மணலைக் கொட்டி, சிமெண்டைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்துச் சட்டியில் அள்ளினார்கள். அமலதாஸ் குறுக்கே போய் நின்றார், ஊர்க்கட்டுப்பாடு தம்பி, தள்ளிக்கோ என்றார்கள். பொதுச் சுவருக்கு இரண்டு பேர் சம்மதம் வேண்டுமே என்று நான் கத்தினேன். "பெர்பெத்துகிட்டக் கேட்டாச்சு, சுவரைப் பேக்கக்கூடாதுன்னுட்டா" என்றார் மாமா. "பேக்கல, பூசத்தானே போறோம்." என் மார்பு கட்டியது. அழுகை எதுவும் கேட்கவில்லை, அனிலாவும் அழவில்லை, சுவரும் அழவில்லை, ஆனாலும் கட்டியது.

அப்போது மேற்குக் கதவு திறந்தது. மதினி வந்தாள். தோளில் இன்னாசி அண்ணன் வலை, கையில் அந்த இரும்பு முளை, பிடுங்கி எடுத்திருந்தாள், கைமுட்டியெல்லாம் சிராய்ப்பு.

"குழைச்சதை அப்படியே வைங்க. சவுக்குக் கம்பு வேணும். உத்திரத்துக்கு முட்டுக் குடுக்க ஆளு வேணும். சுவரைப் பிரிக்கணும்."

"என்னம்மா பேசுற? நேத்து வரைக்கும் நீதான பேக்கக்கூடாதுன்ன?"

"நேத்து வரைக்கும் மூச்சு வந்துச்சு மாமா. ராத்திரிலேருந்து விட்டு விட்டு வருது." வலையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். "எம் புருசன் மூச்சு எங்க நின்னுச்சு, எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் பக்கத்துல இல்ல. இதுக்குப் பக்கத்துல இருக்கேன்ல? எம் முதுகுல நிக்க விட மாட்டேன்."

"ஒருத்தி பிரிச்சா எல்லாரும் பிரிக்கணும் பெர்பெத்து. யோசிச்சுப் பேசு."

"முழிச்சா பிரிங்க. முழிக்காட்டி ரேடியோ கேட்டுக்கிட்டு இருங்க."

கொத்தனார்களில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அவரே பூசுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சவுக்குக் கம்பு எடுக்கப் போனார். குழைத்த சிமெண்ட் சட்டியிலேயே இறுகி, சட்டியோடு கல்லாகிப் போனது.

உத்திரத்தைக் கம்பில் தாங்கி நிறுத்திவிட்டு மேல் வரிசையிலிருந்து கல்லைக் கழற்றினோம். இரண்டாவது வரிசையில் கைவைத்ததும் ஊரே ஒரு சத்தம் போட்டுப் பின்னால் நகர்ந்தது: சுவரின் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடல் தண்ணீர், குளிர்ந்து, பாசி வாசத்தோடு, கடலிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆன கல்லுக்குள்ளிருந்து கொட்டியது, தண்ணீரோடு நகக்கண் அளவு மீன்கள், நீலமும் மஞ்சளுமாக, தரையில் துள்ளின, ஒரு குட்டி நண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஓடியது. அதிர்ச்சியெல்லாம் ஒரு நிமிஷம்தான். மறு நிமிஷம் பெண்கள் சொம்பையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு மண்டியிட்டார்கள், "ஏய், மிதிக்காத, அங்க ஒண்ணு கெடக்கு!" "இங்க குடு, என் வாளியில தண்ணி இருக்கு!" என்று கத்திக்கொண்டு அத்தனை மீனையும் பொறுக்கினார்கள். பொந்து இருந்த கல்லைத் தூக்கியபோது ஆண் குருவி முகட்டில் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டு பாடிவிட்டுப் போனது. எங்களைத் திட்டியதாகத்தான் இருக்கும், அதன் எல்லையை அல்லவா பிரிக்கிறோம்.

கற்களை ஈரச்சாக்கில் சுற்றி, மீன் வாளிகளோடு வல்லத்தில் ஏற்றினோம். இரவல் வல்லம் ஒன்று கேட்டோம், ஐந்தாறு வந்தன. கபிரியேல் மாமா மணல்மேட்டில் நின்றார், வரவும் இல்லை, போகவும் இல்லை. அனிலாவை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன், வேறு யாரும் சும்மா நிற்கவில்லை.

பாருக்கு மேலே கடல் வற்றும் நேரம், கழுத்தளவுதான் தண்ணீர். நாங்கள் பாசிக்காரிகள் முங்கி முங்கி, பழைய ஆட்கள் வெட்டியெடுத்த பள்ளங்களில் ஒவ்வொரு கல்லாக உட்கார வைத்தோம். வெளுத்த கல், வெளுத்த கல், வெளுத்த கல். எதுவும் வாய் திறக்கவில்லை. மேலே வரும்போதெல்லாம் அமலதாஸ் கண்ணாலேயே கேட்பார், நான் தலையை ஆட்டுவேன், இல்லை.

கடைசிக் கல்லை மதினி வைத்திருந்தாள். மடியில், இன்னாசி அண்ணன் வலையில் சுற்றி, வல்லத்தின் முன்முனை அணியத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்னாசி அண்ணன் போனதிலிருந்து அவள் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை, கரைக்கு வந்த மீனைத்தான் ஏலம் எடுப்பாள், அலை வந்தால் பின்னால் நகர்ந்துகொள்வாள். "இங்க குடுங்க மதினி, நான் வைக்கிறேன்" என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. வலையை உருவி வல்லத்திலேயே போட்டுவிட்டு, கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு, சேலையோடு, பக்கவாட்டில் சறுக்கி இறங்கினாள். தண்ணீர் அவள் வயிற்றுக்கு வந்தது, மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. நான் நீந்திப் போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விண்ணரசி" என்றாள். நடுவில் பிள்ளை இல்லை, கோழி இல்லை, நேராக என் பெயர். "எனக்கு உள்ள கண்ணத் தொறக்கப் பயமாருக்கு. நான் மூடிக்கிட்டுத்தான் வைப்பேன். நீ கண்ணாடி போட்டிருக்கேல்ல, அது வாயைத் தொறக்குதான்னு பாத்துச் சொல்லு."